வெயில் இனாம், பாட்டரி இனாம் அல்ல

யாழ்ப்பாணத்தை அடுத்த கடலில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு என்று மூன்று தீவுகள் இருக்கின்றன. இலங்கையின் பெரிய மின்கம்பி வலை இந்தத் தீவுகளுக்கு எட்டவில்லை. எத்தனையோ வருஷங்களாக இங்கே விளக்கு எரிந்தது டீசல் எஞ்சினால்தான். அந்த டீசல் கடல் தாண்டி வரவேண்டும். எண்ணெய் விலையோடு ஏற்றுகூலியும் சேர்ந்துவிடும்.

2024 மார்ச் 1-ந் தேதி இதற்கு ஒரு மாற்று ஒப்பந்தம் கையெழுத்தானது. 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம். 530 கிலோவாட் காற்று மின்சாரம். 2,400 யூனிட் சேர்த்து வைக்கும் பாட்டரி. மேகம் மூடினால் கைகொடுக்க 2,500 கிலோவாட் டீசல் எஞ்சின். செலவு 1 கோடியே 10 லட்சம் டாலர். அதை இந்தியா நன்கொடையாக ஏற்றது.

நல்ல காரியம். ஆனால் நன்கொடை வந்ததோடு கணக்கு முடிந்துவிடவில்லை.

டீசல் எஞ்சின் வாங்கக் குறைந்த பணம் போதும். ஓட்டத்தான் தினமும் பணம் வேண்டும். சூரியத் தகடு நேர்மாறு. இருபது வருஷத்து அரிசியை இன்றைக்கே வாங்கிக் குதிரில் கொட்டுவது போல, முதல் நாளே முழுப் பணமும் வேண்டும். கடன் வாங்கினால் வட்டிதான் யூனிட் விலையைத் தீர்மானிக்கும்.

இந்தக் கணக்கைப் புத்தியோடு போட்டவர்கள் அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான காவாய் மக்கள். சுமார் 70 ஆயிரம் பேர் வாழும் தீவு அது. 2002-ல் அங்கே ஜனங்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். கடன் வாங்கி, 21 கோடியே 50 லட்சம் டாலருக்கு மின்சாரக் கம்பெனியையே வாங்கிவிட்டார்கள்!

2017-ல் டெஸ்லா கம்பெனி அங்கே 13 மெகாவாட் தகடும், 52 ஆயிரம் யூனிட் கொள்ளும் பாட்டரியும் அமைத்தது. பகலில் சேர்த்த வெயில் இரவில் விளக்காக எரிந்தது. யூனிட் 13.9 சென்ட், 20 வருஷத்துக்கு ஒரே விலை என்று சங்கம் பேசி முடித்தது. 2019-ல் ஏ.இ.எஸ். கம்பெனி அதைவிடப் பெரிய நிலையத்தைத் திறந்தது. விலை 11 சென்ட்தான்.

சங்கமே ஏன் கட்டவில்லை? அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சூரிய மின் நிலையம் கட்டுகிறவருக்கு, செலவில் 30 சதவிகிதத்தை வரியில் கழித்துக்கொள்ள அமெரிக்க அரசு அன்று சலுகை தந்தது. வரியே கட்டாத சங்கம் எதில் கழிக்கும்? வரி கட்டுகிற கம்பெனி கட்டியது, சலுகையை எடுத்துக்கொண்டது, விலையைக் குறைத்தது. பாட்டரி கெட்டால் அதுவும் கம்பெனியின் பாடு. சங்கத்துக்கு யூனிட் கணக்கு மட்டும்தான். கெட்டிக்காரத்தனம்!

2022-ல் உக்ரைன் போர் மூண்டு எண்ணெய் விலை ஏறியது. மற்ற ஹவாய்த் தீவுகளில் மின் பில் எகிறியது. காவாயில் அவ்வளவு உயரவில்லை. அங்கே பாதிக்கு மேற்பட்ட மின்சாரம் வெயில், ஆற்றுநீர், விறகு ஆகியவற்றிலிருந்து வந்துகொண்டிருந்தது.

யாழ்ப்பாணத் தீவுகளின் நிலை வேறு. கடனும் இல்லை, வட்டியும் இல்லை. அந்த மட்டில் அதிர்ஷ்டம். ஆனால் தகடு இருபது, இருபத்தைந்து வருஷம் உழைக்கும். பாட்டரி அத்தனை நாள் தாங்காது. அதற்கு முன்பே மாற்றவேண்டி வரும். நன்கொடை வாங்கித் தருவது முதல் பாட்டரியைத்தான். இரண்டாவது பாட்டரியை யார் வாங்குவது?

பணம் இல்லாமல் இல்லை. எரிக்காமல் விட்ட ஒவ்வொரு லிட்டர் டீசலும் பணம்தான். ஆனால் இலங்கையில் நாடு முழுவதும் ஒரே மின் கட்டணம். ஆகவே டீசல் மிச்சப்பட்டாலும் நெடுந்தீவு மீனவர் வீட்டு பில் அதனால் தனியாகக் குறையாது. மிச்சம் போவது மின்சார நிர்வாகத்தின் பெட்டிக்கு. அங்கே அது மற்றப் பணத்தோடு கலந்து கரைந்துவிட்டால், பாட்டரி கெட்ட அன்று மறுபடியும் டீசல் எஞ்சின் சத்தம்தான் கேட்கும்.

மூன்று தீவுகளிலும் மாதா மாதம் எத்தனை லிட்டர் மிச்சமாயிற்று என்று நிர்வாகம் பகிரங்கமாக எழுதிப் போடவேண்டும். அதில் ஒரு பங்கைப் பாட்டரிக்கென்று தனிக் கணக்கில் முதல் மாதத்திலிருந்தே சேர்க்கவேண்டும். தகடு துடைக்கவும் பழுது பார்க்கவும் அந்தந்தத் தீவுப் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுக்கவேண்டும். சிறு கோளாறு ஒவ்வொன்றுக்கும் கொழும்பிலிருந்து ஆள் வந்து, குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருந்தால், அந்தச் செலவும் யூனிட் விலையில்தான் ஏறும்.