ஹாலோவீன் 'ஷேடோ பாக்ஸ்': தோல் துண்டில் செய்யலாமா? எதில் கவனம் தேவை?

அக்டோபர் 31 நெருங்கினாலே இன்ஸ்டாகிராமில் ஹாலோவீன் ரீல்ஸ் வரிசைகட்டும். அதில் ஒன்றுதான் 'ஷேடோ பாக்ஸ்'. ஓர் அட்டைப்பெட்டி, உள்ளே கறுப்பு உருவங்கள், பின்னால் சின்ன விளக்கு. அவ்ளோதான், பேய் வீடு ரெடி!

நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு யோசனை வரும். ஷூ தயாரிப்பில் மிஞ்சும் கறுப்புத் தோல் துண்டையே வெட்டி ஒட்டினால் என்ன?

எப்படிச் செய்வது?

ஷூ பெட்டியின் அடிப்பக்கத்தில் ஜன்னல் போல வெட்டி, பட்டர் பேப்பரை ஒட்டவும். கறுப்பு சார்ட்டில் பனைமரம், வௌவால், புளியமரத்து முனி என வெட்டி, உள்ளே இரண்டு, மூன்று அடுக்காக நிறுத்தவும். பேப்பருக்கு அருகில் இருக்கும் உருவத்தின் நிழல் தெளிவாக விழும். விளக்குக்கு அருகில் இருந்தால் பெரிதாக, மங்கலாகத் தெரியும். சீரியல் லைட் வேண்டாம். பல பல்புகள் இருந்தால் நிழலும் பலவாகச் சிதறும். ஒற்றை எல்இடி அல்லது செல்போன் டார்ச் போதும்.

தோல் துண்டு ஓகேவா?

பாலிஷ் முடிந்த தோலைக் கத்தரியால் வெட்டி ஒட்டுவதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் நெருப்பில்தான். உலகில் பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி குரோமியம் உப்பால் பதனிடப்படுகிறது. தோலில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம். எரிக்கும்போது அது ஆறு இணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். உடலில் படும் தோல் பொருட்களில் இது கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

ஆகவே பெட்டிக்குள் மெழுகுவத்தி, அகல் விளக்கு வேண்டாம். உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பவும் வேண்டாம். நீல நிறத்தில் இருக்கும் 'வெட் புளூ' துண்டுகளைக் குழந்தைகளிடம் கொடுக்கவே கூடாது.

தோல்பாவைக்கூத்தும் தோல்தானே?

ஆமாம், ஆனால் அது வேறு வகை. பாவைக்கு ஆட்டுத்தோலைக் குரோமியத்தில் பதனிடாமல், ரோமம் நீக்கி, மெல்லிசாகச் சுரண்டிக் காயவைப்பார்கள். அதனால் வெளிச்சம் ஊடுருவி வண்ணம் தெரியும். ஷூ தோலில் வெளிச்சம் புகாது. கறுப்பு நிழல் மட்டுமே கிடைக்கும். ஆந்திராவின் நிம்மலகுண்டாவில் பாவைக் கலைஞர்கள் இதே தோலில் விளக்குக் கூடுகளும் செய்து விற்கிறார்கள். அந்த ஊர்க் கலைஞர் தளவாய் சலபதி ராவ் 2020-ல் பத்மஸ்ரீ பெற்றவர்.

இவ்வளவு எச்சரிக்கை ஏன்?

தோல் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பது இந்த வட்டாரத்துக்குப் புதுக்கதை அல்ல. மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் சொன்னது வேலூர் வழக்கில்தான். 2025 ஜனவரி 30-ல் அதே நீதிமன்றம் இழப்பீடு பற்றி மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

இன்னொரு கவனம்: சின்ன எல்இடி விளக்குகளில் இருக்கும் பட்டன் பேட்டரி. குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடி ஸ்குரூ போட்டதாக இருக்கட்டும். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

மொத்தத்தில், ஒரு சார்ட், ஒரு பட்டர் பேப்பர், ஒரு டார்ச் இருந்தாலே பேய் வீடு தயார். தோல் துண்டு மிஞ்சினால் கொண்டுவந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். வெந்நீர் அடுப்புக்கு மட்டும் அது போகக்கூடாது.