வயிற்றுக்கும் அரைச் சீட்டா?



பேருந்தில் ஏறும் சிறுவனுக்கு அரைச் சீட்டு. வயலுக்கு வந்த சிறுவனை அரை ஆள் என்று ஏட்டில் குறித்து, அரைக் கூலி கொடுத்து அனுப்பிய பண்ணையார்களும் இந்நாட்டில் இருந்தனர். அந்தப் பழக்கம் நம் எண்ணத்தில் ஆழமாக வேரூன்றிவிட்டது. சோற்றுப் பானையின் முன் அமரும்போதும் அதே கணக்கைத்தான் போடுகிறோம். "சின்ன வயிறுதானே, ஒரு பிடி போதும்" என்கிறோம். வீட்டில் போடும் இந்தக் கணக்கு அறியாமையால் விளைவது. எடுத்துச் சொன்னால் திருந்திவிடும். ஆனால் ஆட்சிபீடத்தில் அமர்ந்தோர் இதே கணக்கைத் தாளில் எழுதி, முத்திரை குத்தி, சட்டம் என்று நீட்டும்போது அதனையும் அறியாமை என்று மன்னித்துவிட இயலுமா?

நாளும் வளரும், ஓயாமல் ஓடியாடும் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு உணவு வேண்டும்? இது அடுப்பங்கரைச் செய்தி, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது வரவு செலவுத் திட்டத்தின் கேள்வி. ஆகவே அரசியல் கேள்வி.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரையைப் பாருங்கள். ஒன்று முதல் மூன்று வயது வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,010 கலோரி. நான்கு முதல் ஆறு வரை 1,360. ஏழு முதல் ஒன்பது வரை 1,700. அதே ஏட்டில், உட்கார்ந்து வேலை பார்க்கும் 65 கிலோ எடையுள்ள ஆடவருக்கு 2,110 கலோரி. ஐந்து வயதுப் பிள்ளையின் எடை 18 கிலோ என்று கொள்வோம். அவரது எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! உணவிலோ, அவருக்கு வேண்டியதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கிலோவுக்குக் கணக்கிட்டால் நாற்காலியில் அமர்ந்த பெரியவருக்கு 32 கலோரி. தெருவில் பச்சைக்குதிரை தாண்டும் பிள்ளைக்கு 75. எடைக்கு எடை இரு மடங்கிற்கும் மேல்! இங்கே அரைச் சீட்டு எங்கிருந்து வந்தது?

ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். அந்தச் சிறு உடலுக்குள் ஒரு பெரிய தொழிற்சாலை இரவும் பகலும் இயங்குகிறது. ஐந்து வயதில் குழந்தையின் மூளை, அக்குழந்தை அசையாமல் கிடக்கும்போது செலவாகும் சக்தியில் பாதிக்கும் மேலானதைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது; வளர்ந்த மனிதரின் மூளை எடுப்பதோ ஐந்தில் ஒரு பங்களவுதான். அதற்குமேல் எலும்பு நீள வேண்டும், தசை திரள வேண்டும், நோயை எதிர்த்து நிற்க வேண்டும். இவை போக எஞ்சியதில்தான் ஓட்டமும் ஆட்டமும்.

உணவு குறைந்தால் முதலில் எது குறையும்? இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும் தோழர்களே. பிள்ளை உடனே மெலிந்துவிடுவதில்லை. உடல் தன் செலவைச் சுருக்கப் பார்க்கிறது. மூளையின் செலவைச் சுருக்க இயலாது. இதயத்தின் செலவைச் சுருக்க இயலாது. எளிதாகச் சுருக்கக்கூடியது விளையாட்டு ஒன்றுதான். பிள்ளை ஓடுவதைக் குறைக்கிறது. திண்ணையில் சாய்ந்து, மற்றவர் ஆடுவதை வேடிக்கை பார்க்கிறது. நாமோ அதனைக் கண்டு, "எவ்வளவு சமத்து! வைத்த இடத்தில் இருக்கிறது" என்று தலையைத் தடவிக் கொடுக்கிறோம். அமைதியான பிள்ளைகள் அனைவரும் பசித்த பிள்ளைகள் என்று நான் கூறவில்லை; இயல்பிலேயே அடக்கமானவர் உண்டு. ஆனால் ஒரு சேரியின் தெருவில், ஒரு செங்கற்சூளையின் ஓரத்தில், பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சமத்தாக இருக்குமானால் அதற்குப் பெயர் ஒழுக்கமன்று. உணவு இன்னும் குறைந்தால், அடுத்து நிற்பது வளர்ச்சி. எடை ஏறாது, பிறகு உயரமும் ஏறாது.

2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு இதற்குச் சான்று கூறுகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் எட்டாதவர் இந்தியாவில் நூற்றுக்கு 35. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 25. நாட்டின் கணக்கைவிட நாம் மேல் என்று மேடையில் மார்தட்டலாம். நான்கு பிள்ளைகளில் ஒரு பிள்ளை என்பதை அந்தப் பிள்ளையின் தாயிடம் போய்ச் சொல்லுங்கள் பார்க்கலாம்! இன்னொன்றும் அந்த ஏட்டில் உண்டு: ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள இந்தியக் குழந்தைகளில் போதிய அளவு, போதிய முறை, போதிய வகை உணவு பெறுவோர் நூற்றுக்கு 11 பேர்தாம்.

தாய்மார்களுக்கு அக்கறையில்லை என்று உடனே ஒரு கூட்டம் தீர்ப்பெழுதும். அக்கறைக்கும் அளவைக்கும் உள்ள வேறுபாட்டைக் கேளுங்கள். இரண்டாவது வயதில் இருக்கும் குழந்தைக்குத் தாய்ப்பால் போக மற்ற உணவிலிருந்து ஏறத்தாழ 550 கலோரி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் கணக்கு. பத்துக் கிலோ எடையுள்ள அக்குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏற்பது சுமார் 300 மில்லி. ஏழை வீட்டில் கிடைப்பது என்ன? ஒரு டம்ளர் நீர்த்த கஞ்சி. அதில் கரைந்திருக்கும் மாவு 20 கிராம் என்றால் 70 கலோரி. 550ஐ எட்ட அக்குழந்தை எட்டு டம்ளர் குடிக்க வேண்டும்! வயிறு நிறைகிறது, குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, தாய் நிம்மதியுறுகிறாள். உள்ளே நிறைந்தது தண்ணீர். சோற்றையும் பருப்பையும் குழையப் பிசைந்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டால் அந்த ஒரு தேக்கரண்டியிலேயே 45 கலோரி ஏறிவிடும். அந்த எண்ணெய்க்கும் பருப்புக்கும் காசு எங்கே?

வயிறு சிறியது, தேவை பெரியது என்றால் வழி ஒன்றுதான்: பலமுறை ஊட்ட வேண்டும். நாளொன்றுக்கு நான்கு முறை, ஐந்து முறை. ஆனால் காலை ஆறு மணிக்கு நாற்று நடப் போனவள், பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கப் போனவள், சித்தாள் வேலைக்குப் போனவள் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் எப்படி வந்து ஊட்டுவாள்? மகப்பேறு நலச் சட்டத்தை 2017இல் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று எழுதினார்கள். நன்று. வரப்பில் ஏது நிறுவனம்? சித்தாளுக்கு ஏது காப்பகம்? குழந்தைக்கு எவ்வளவு உணவு என்று கேட்கப் புகுந்தால், தாய்க்கு எவ்வளவு கூலி, எத்தனை மணி வேலை என்ற கேள்வியில்தான் வந்து முட்டுகிறோம்.

இனி ஆட்சியாளர் கணக்கு. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அங்கன்வாடி வழியாக நாளொன்றுக்கு 500 கலோரி என்றது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேண்டியதில் பாதிக்கும் குறைவு. மீதி வீட்டிலிருந்து வந்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. அந்த 500 கலோரிக்கு 2017இல் மத்திய அமைச்சரவை ஒதுக்கியது, பிள்ளை ஒன்றுக்கு 8 ரூபாய்! அதற்கு முன் 6 ரூபாய். தானியத்தை மலிவாகத் தருகிறோமே என்பர். உண்மைதான். ஆனால் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி நான்கு வயதுப் பிள்ளைக்குத் தானியம் 120 கிராம் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பால் அரை லிட்டர், பருப்பு, கீரை, காய், பழம், எண்ணெய் என்று சொல்கிறது. 120 கிராம் அரிசியில் கிடைப்பது 420 கலோரிதான். பெரும்பகுதி மற்றவற்றிலிருந்து வர வேண்டும். அரை லிட்டர் பால் என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். எட்டு ரூபாயை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தக் கஞ்சத்தனத்திற்கு ஒரு மரபு உண்டு. 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணம் வெந்து மடிந்தபோது, வைசிராய் லிட்டன் பிரபு சர் ரிச்சர்டு டெம்பிள் என்பாரை இங்கே அனுப்பினார். 1874இல் பீகாரில் பஞ்சம் தீர்க்கத் தாராளமாகச் செலவிட்டார் என்று மேலிடத்தின் ஏச்சுக்கு ஆளானவர் அவர். அந்தப் பழியைத் துடைக்க நம் மக்களின் வயிறு அவருக்குக் கிடைத்தது! நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877இல் விதித்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் கொதித்தெழுந்தார். உழைக்கும் உடலுக்கு ஒன்றரை இராத்தலும் பருப்பும் காயும் வேண்டும் என்று வாதாடினார். இருவரும் வெள்ளையர், இருவரும் ஒரே அரசின் ஊழியர். ஒருவர் கேட்டது, "எவ்வளவு வேண்டும்?" மற்றவர் கேட்டது, "எவ்வளவு குறைத்தாலும் தாங்குவர்?" இன்றைக்கும் கோட்டைகளிலும் செயலகங்களிலும் உணவுக் கோப்பைத் திறப்போர் இவ்விரு கேள்விகளில் ஒன்றோடுதான் திறக்கின்றனர்.

1920இல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளித்தது. தலைக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு. 1925இல் அது நின்றது. சோறு கெட்டதாலா? பிள்ளைகள் வராததாலா? இல்லை. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட அரசு இசையவில்லை. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாததால் பிள்ளைகள் பட்டினி! பின்னர் 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர்., 1989இல் முட்டையைச் சேர்த்த கலைஞர், 2022இல் காலை உணவு என்று கட்சி வேறுபாடின்றி இந்த அடுப்பு அணையாமல் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் "வீண் செலவு, வாக்கு வேட்டை" என்ற ஓலம் எழுந்தது. இன்று அதற்கு "இலவசம்" என்று புதுப்பெயர். வளரும் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து இலவசமா? கடன் தள்ளுபடி பெற்ற பெருமுதலாளியைப் பார்த்து இந்தச் சொல்லை ஏன் எவரும் உச்சரிப்பதில்லை?

முட்டையின் கதை இன்னும் கசப்பானது. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம்; நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய சுமார் 16 கிராமில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல், அதுவும் சிறிய வயிற்றில் அடங்கும் சிறிய பொதியாக. அந்த முட்டை அங்கன்வாடியில் கூடாது என்று 2015இல் மத்தியப் பிரதேச முதல்வர் மறுத்தார். 2025 தொடக்கத்தில் மராட்டிய அரசு பள்ளி முட்டைக்கான நிதியை நிறுத்தியது. உண்ண விரும்பாத பிள்ளையின் தட்டில் எவரும் திணிக்கவில்லை. பழம் கொடுங்கள், பால் கொடுங்கள். உண்ண விரும்பும் ஏழைப் பிள்ளையின் தட்டிலிருந்து எடுக்க இவர்களுக்கு உரிமை தந்தது யார்?

நம்மவர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். மேடையேறினால் மதிய உணவின் வரலாற்றை முழங்குகிறோம், கைதட்டல் விழுகிறது, இறங்கிவிடுகிறோம். பள்ளியில் சோறு போடுவது ஐந்து வயதுக்கு மேல். பிள்ளை குட்டையாவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில். அந்த வயதுக்கு அரசு தருவது வீட்டுக்குக் கொண்டுபோகும் சத்துமாவுப் பொட்டலம். அதுவும் பசித்த வீட்டில் அண்ணனுக்கும் அக்காளுக்கும் பாட்டிக்கும் பங்காகிவிடுகிறது. பங்கிட்டவர் மீது குற்றமில்லை. ஒரு பிள்ளைக்கு அளந்ததை ஒரு குடும்பத்திற்கு அனுப்பியவர் மீதுதான் குற்றம்.

ஆகவே வரும் வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வட்டத்து அங்கன்வாடிக்குச் செல்லுங்கள். ஊழியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். சொற்ப ஊதியத்தில் அவர் தாங்கும் சுமையை நாம் தாங்கமாட்டோம். எடை பார்க்கும் கருவி வேலை செய்கிறதா, முட்டை எத்தனை நாள் வந்தது, எண்ணெய் எத்தனை நாள் தீர்ந்துபோயிருந்தது என்று பணிவாகக் கேளுங்கள். வளர்ச்சிக் கண்காணிப்பு ஏட்டில், சென்ற இரு மாதங்களாக எடை ஏறாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அடுத்த கிளைக் கூட்டத்தில் கொடிக்கம்பம் பற்றிப் பேசுவதற்கு முன், அந்த எண்ணிக்கையைப் படியுங்கள்.