படம் பொய் சொல்லாது. அதற்குக் கீழே எழுதுகிறவர் சொல்லலாம்



கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் சில நாட்களாக நம் குழுக்களில் சுற்றுகின்றன. தாடி வைத்த முதியவர், கிழிந்த கோட்டு போட்ட சிறுவன், இருட்டு அறை. கீழே, "ஹிட்லர் அழித்த உலகம் இதுதான்" என்று ஒரு வரி. அந்த "இதுதான்" என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன்.

இவ்வகைப் படங்களில் மிகவும் புகழ்பெற்றவை ரோமன் விஷ்னியாக் எடுத்தவை. 1930களின் பிற்பாதியில், ஓர் அமெரிக்க யூத நிவாரண அமைப்பு நன்கொடை திரட்டுவதற்காக அவரை அனுப்பியது. வறுமையைக் காட்டினால்தானே பணம் வரும்? அதில் குற்றமில்லை. ஆனால் 1983இல் அவை பெரிய நூலாக வந்தபோது, நன்கொடைக்காகக் காட்டிய ஒரு பக்கமே முழு உலகமாகிவிட்டது. அவருடைய நெகட்டிவ்களைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, நவநாகரிக உடையணிந்த நகரவாசிகளும் அவற்றில் இருந்தார்கள். நூலில் தந்தை, மகன் என்று சேர்த்துக் கதை சொல்லப்பட்ட இரு படங்கள், உண்மையில் தனித்தனியே எடுக்கப்பட்டவை.

"அறுபது லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். இதில் போய்க் குறிப்பில் பிழை பார்ப்பதா சார்?" என்பீர்கள். அதனால்தான் பார்க்க வேண்டும். அந்தப் படுகொலையே நடக்கவில்லை என்று சாதிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு பொய்க் குறிப்பு கிடைத்தால் போதும், மெய்யான ஆயிரம் சான்றுகளையும் அதைக் காட்டியே மறுப்பார்கள்.

இன்னொன்று. யானுஷ் கோர்ச்சாக் மருத்துவர், எழுத்தாளர், போலந்து வானொலியில் பேசியவர். 1942இல் தம் அநாதை இல்லக் குழந்தைகளோடு ட்ரெப்ளிங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு உயிர்விட்டார். "இதுதான்" என்ற சட்டத்துக்குள் அவருக்கு இடம் எங்கே?

ஃபிரெடரிக் பிரென்னர் செய்ததைப் பாருங்கள். 1978இல் எருசலேமின் பழமைவாத யூதர் பகுதியில் தொடங்கி, 25 ஆண்டுகள், 40க்கும் மேற்பட்ட நாடுகளில் யூதர்களைப் படமெடுத்தார். மயாமியில் பெரிய மோட்டார் சைக்கிள்களோடு நிற்கும் யூதர்களும் அதில் உண்டு. ஒரு சமூகத்துக்கு ஒரே முகம் கிடையாது என்பதை அந்தத் தொகுப்பே சொல்லிவிடுகிறது.

ஆகவே, ஒரு படத்தை அனுப்புமுன் நான்கு கேள்வி கேளுங்கள்: யார் எடுத்தது? எங்கே, எப்போது? யாருக்காக? எதை விட்டுவிட்டு? பதில் தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள். இறந்தவர்களுக்கு அதுவே முதல் மரியாதை.