நாணத்தால் நாள் கடத்தாதீர்

மாதவிடாய் நின்றபின் தாம்பத்திய உறவில் உண்டாகும் வலியை முதுமையின் விதியென எண்ணிப் பலர் வாய்திறவாது சகிக்கின்றனர். விலகிப்போகும் மனைவிக்குத் தம்மீது வெறுப்போ எனக் கணவர் மயங்குகிறார். ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்புநீர் குறைவதால் பிறப்புறுப்பின் உட்சவ்வு மெலிந்து உலர்வதே இதற்குப் பெரும்பாலும் காரணம். சிறுநீர்க் கடுப்பும் அடிக்கடி தோன்றலாம். இதனைக் கணவரிடம் எடுத்துரையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும், நீரில் கரையும் வழுவழுப்பான ஜெல்லி உராய்வைத் தணிக்கும். அது போதாதெனில், மருத்துவர் பரிசோதித்து ஈஸ்ட்ரோஜன் களிம்பு எழுதித் தரக்கூடும்.

ஒன்றை மட்டும் மறவாதீர். மாதவிடாய் நின்று 12 மாதங்கள் கடந்தபின் ஒரு துளி உதிரம் கண்டாலும் உடனே மருத்துவரை நாடுங்கள். சிலருக்கு அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம்.