கரையானும் கறுப்புக் கட்டமும்

சுவடியில் கரையான் அரித்த இடத்தைப் பதிப்பாசிரியர் புள்ளியிட்டுக் காட்டுவார். மூல ஏட்டை அடுப்பில் இடமாட்டார். நிரலாளர் இடுகிறார். நாமோ அதை 'எழுத்துருக் கோளாறு' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

மூங்கில்துறைப்பட்டு என்னும் நம் ஊர்ப்பெயர் இலக்கணக் கணக்கில் 10 எழுத்து. ஒருங்குறியில் அது 19 குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 57. பெயர்க் கட்டத்திற்கு 50 பைட் போதுமென்று ஒருவர் வெட்டினால் 16 குறியீடுகள் முழுதாய் நிற்கும். அடுத்துள்ள புள்ளியின் 2 பைட் மட்டும் தொங்கும். 'மூங்கில்துறைப்பட' என்று ஒற்றிழந்த ஊரும், வாலில் கேள்விக்குறி தாங்கிய கறுப்புக் கட்டமும் எஞ்சும்.

பழைய இணையத் தமிழுக்கு நேர்வது இதனினும் கொடிது. 1990களின் பிற்பகுதியில் உருவான திஸ்கியில் மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பல வெளிவந்தன. அதில் தமிழெழுத்துகள் 128க்கு மேற்பட்ட எண்களில் அமர்ந்தவை. அக்கோப்பை யுடிஎஃப்-8 என்று கருதித் திறந்தால் பெரும்பாலானவை செல்லாத பைட்டுகள். ககரமும் சகரமும் ஒரே கறுப்புக் கட்டமாகின்றன. அப்படியே சேமித்துவிட்டால் எது ககரம், எது சகரம் என்று எந்த உ.வே.சா. வந்தும் சொல்ல இயலாது. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் ஒளிந்துகொண்ட பாமினியோ அலங்கோலமாய்த் தெரிந்தாலும் பிழைத்துக்கொள்கிறது. இன்றும் அதை மீட்கலாம். தரம் வகுத்தது அழிய, தரமற்றது தப்பிக்கும் விந்தை!

செல்லாத பைட்டை உள்ளே விட்டால் பாதுகாப்புக் கெடும் என்பர். மெய்தான். ஆனால் விடாமலிருப்பது வேறு, அழிப்பது வேறு. ரஸ்ட் மொழியின் சர வகை செல்லாததை ஏற்க மறுத்து, மூல பைட்டுகளைப் பிழைச்செய்தியோடு திருப்பித் தருகிறது. பைத்தானும் இயல்பாகப் பிழை கூறி நிற்கும். 'புறக்கணி' என்று நாம் ஆணையிட்டால்தான் ஓசையின்றி விழுங்கும். அந்த ஆணையை எழுதுவோர் ஏராளம்! ஜாவாவில் பைட்டுகளை நேரே சரமாக்கினால், கேட்காமலே கறுப்புக் கட்டத்தை நிரப்பிவிடும். இதை 'வசதி' என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை.

தமிழ்த்துறைகளின் கணித்தமிழ்ப் பாடம் தட்டச்சோடு நின்றுவிடுகிறது. மூலபாட ஆய்வு நடத்தும் அதே வகுப்பில், மாற்றுமுன் மூலக்கோப்பைப் படியெடுத்து வைக்கவும், அது திஸ்கியா, தாபா, பாமினியா என்று பெயரிலேயே குறிக்கவும் கற்பிக்க ஒரு மணிநேரம் போதும்.