காவலரும் புகையும்

காவல்துறையில் சேர விரும்புகிறவர் உயரம் காட்ட வேண்டும், மார்பளவு காட்ட வேண்டும், ஓடியும் காட்ட வேண்டும். அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலோ இன்னொன்றும் வேண்டும். அவர் புகைபிடிப்பவராய் இருத்தல் ஆகாது.

1988ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்குப் பின் அங்குள்ள ஊர்களில் காவலராகவோ தீயணைப்பு வீரராகவோ நியமனம் பெற்றவர் எவரும் புகைக்கக் கூடாது. பணி நேரத்தில் மட்டுமன்று, தம் சொந்த வீட்டிலும் கூடாது. மீறினால் வேலை போய்விடும். பிளிமத் என்னும் ஊரில் புகைத்ததற்காக ஒரு காவலரை நீக்கியது செல்லும் என்று 1997இல் அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றமே கூறிவிட்டது.

இச்சட்டத்தின் நோக்கத்தை நான் குறை கூறமாட்டேன். அங்கே காவலருக்கு இதயநோயோ இரத்தக் கொதிப்போ வந்து உழைக்க இயலாமற் போனால், அது பணியினால் வந்த நோய் என்றே கொண்டு ஓய்வூதியம் தருகிறார்கள். அது மக்களின் வரிப்பணம். பெட்டி பெட்டியாகப் புகைத்து இதயத்தைக் கெடுத்துக்கொண்டவருக்கும் அதைக் கொடுப்பதா என்று கேட்பது நியாயந்தானே? மேலும், திருடனைத் துரத்திப் பாதித் தெருவில் நின்று இருமுகின்ற காவலரால் யாருக்கு என்ன பயன்?

ஆகவே புதிதாகச் சேருவோரிடம் இந்த நிபந்தனையை வைப்பது சரியே. முன்பே பணியில் இருந்தோரை அச்சட்டம் தொடவில்லை, அதுவும் சரியே. ஒருமுறை தவறினாலும் வேலை இல்லை என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

என் தந்தை தலைமைக் காவலர். இரவு ரோந்தில் தூக்கத்தை விரட்டத் தொடங்கிய பழக்கம் என்பார். ஒவ்வொரு தவக்காலத்திலும் விபூதிப் புதனன்று சிகரெட் பெட்டியை அம்மாவின் கையில் கொடுத்துவிடுவார். முதல் வாரம் அவரிடம் யாரும் பேச முடியாது. எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பார், இரவில் எழுந்து உலாவுவார். நாற்பது நாளும் தாக்குப்பிடித்த ஆண்டுகள் உண்டு. சென்ற ஆண்டு குருத்து ஞாயிற்றுக்கு முதல்நாள், தேரோட்டப் பந்தோபஸ்து முடிந்து வந்தபோது அவர் சட்டையில் அந்த வாடை இருந்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அப்பா எங்களோடு அமர்ந்து உண்ணவும் இல்லை.

அவர் அந்த மாநிலத்தில் 1988க்குப் பின் சேர்ந்திருந்தால், அந்த ஒரு சிகரெட்டுக்கு எங்கள் வீட்டுச் சோறும் என் படிப்பும் விலையாகியிருக்கும்!

நிக்கோட்டினுக்கு அடிமையாதலை மருத்துவர்கள் நோயாகவே கருதுகின்றனர். அதற்கு மருந்தும் ஆலோசனையும் உள்ளன. ஆனால் வேலை போய்விடும் என்று அஞ்சுகிறவர் மருத்துவரிடம் போவாரா? ஏலக்காயை மென்றுகொண்டு மறைக்கத்தான் பார்ப்பார். இன்னொன்று, அச்சட்டம் புகைப்பதை மட்டுமே சொல்கிறது. புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டவர் அதில் அகப்பட மாட்டார். நம் ஊருக்கு அப்படியே கொண்டுவந்தால் பாதிப்பேர் தப்பிவிடுவார்கள்!

முதன்முறை தவறினால் சிகிச்சைக்கு அனுப்பலாம். மறுமுறை தவறினால் ஊதிய உயர்வை நிறுத்தலாம். அதன் பின்பும் திருந்தாதவரை நீக்கினால் நான் வருந்தமாட்டேன்.

இக்கட்டுரையை இதழுக்குக் கொடுக்குமுன் அப்பாவிடம் காட்டி அனுமதி கேட்டேன். இருமுறை படித்தார். "எழுது, பரவாயில்லை. அந்த ஊதிய உயர்வை மட்டும் எடுத்துவிடக் கூடாதா?" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.