குணசேகரன் சொல்லாமல் விட்டது



போன கிழமை இரவு வேலை முடிந்து வந்து, லாச்சப்பல் கடையொன்றில் வாங்கிய 'பராசக்தி' படத்தைப் போட்டேன். "இதை இன்னும் எத்தினை தரம் பாக்கப்போறியள்?" என்று மனைவி கேட்டா. எத்தனை தரம் என்று எனக்கே தெரியாது. ஆனால் முதல் தரம் பார்த்தது நல்ல ஞாபகம்.

அப்போது எனக்கு ஆறு வயதிருக்கும். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். ரீவி, டெக், ஜெனரேற்றர் எல்லாவற்றையும் வாடகைக்குப் பிடித்து, யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் விடிய விடியப் படம் ஓடும். எண்ணெய் விலை கூட என்பதால் ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்ப்பார்கள். என்னுடைய அப்பா சைக்கிள் திருத்துகிறவர். சிவாஜி படம் என்றால் தன் பங்குக்கு மேலாலும் கொடுப்பார். பக்கத்து வீட்டு மாமா எம்.ஜி.ஆர். ஆள். இருவருக்கும் வேலிச் சண்டை ஒருநாளும் வந்ததில்லை. இந்தச் சண்டை மட்டும் ஓயவேயில்லை.

அப்பாவின் மடியிலிருந்து பார்த்த அந்த இரவிலிருந்து நானும் சிவாஜி ஆள்தான். நான் 1987இல் பிறந்தவன். எனக்கு விபரம் தெரிய வந்தபோது அவர் 'தேவர் மகன்' (1992) படத்தில் நரைத்த மீசையோடு அப்பாவாக வந்துவிட்டார். என் வயதுப் பொடியள் ரஜினி, விஜய் என்று திரிய, நான் பழைய படங்களைத் தேடித் திரிந்தேன். 2001 ஜூலை 21இல் அவர் இறந்த செய்தி வந்தபோது நாங்கள் வன்னியில் இடம்பெயர்ந்திருந்தோம். அன்று அப்பா சைக்கிள் கடையைத் திறக்கவில்லை.

எனக்கு அவரைப் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிவாஜி பள்ளிக்கூடம் அதிகம் போனவரல்ல. சின்ன வயதிலேயே வீட்டை விட்டு நாடகக் கொம்பனியில் சேர்ந்தவர். எல்லாம் பார்த்தும் கேட்டும் பழகியதுதான். 'திருவருட்செல்வர்' (1967) படத்தில் அப்பராக நடிக்க, காஞ்சிப் பெரியவரின் இருப்பையும் நடையையும் மனதில் வைத்துக்கொண்டு நடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நானும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். இங்கே பாஷை தெரியாமல் தொழிற்சாலைக்குள் போன முதல் நாள், பக்கத்தில் நின்ற மாலி நாட்டுக்காரரின் கையைப் பார்த்துத்தான் மெசினைப் பழகினேன். படிக்காதவனுக்குக் கண்தான் பள்ளிக்கூடம்.

சரி, 'பராசக்தி'க்கு வருவோம். 1952 தீபாவளிக்கு வந்த படம். கலைஞர் கருணாநிதியின் வசனம். சிவாஜிக்கு அதுதான் முதற் படம். இந்த மெலிந்த பொடியன் சரிவரமாட்டான், ஆளை மாற்றுவோம் என்ற பேச்சும் அப்போது எழுந்தது. தயாரிப்பாளர் பி. ஏ. பெருமாள் விடாப்பிடியாக நின்றதால்தான் சிவாஜி தப்பினார்.

எல்லோரும் அந்தப் படத்தின் நீதிமன்ற வசனத்தைத்தான் சொல்லுவார்கள். ஆனால் அது அகதிகளின் கதை என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உலக யுத்தக் காலத்தில் மூன்று சகோதரர்கள் ரங்கூனில் இருக்கிறார்கள். மதுரையில் தங்கைக்குக் கல்யாணம். கப்பலுக்குக் கிடைத்தது ஒரேயொரு ரிக்கற். குணசேகரன் மட்டும் ஏறுகிறான். சென்னையில் வந்திறங்கியதும் கொண்டுவந்ததெல்லாம் களவு போகிறது. வெறுங்கையோடு தங்கையைத் தேடிப் போனால், அவள் புருசனையும் தகப்பனையும் இழந்து, கைக்குழந்தையோடு இட்லி விற்றுச் சீவிக்கிறாள். நான்தான் உன் அண்ணன் என்று சொல்ல அவனுக்கு வெட்கம். பைத்தியக்காரன் போல நடித்துக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி வருகிறான். அவளோ அண்ணன் பணத்தோடு வருவான் என்று பார்த்திருந்து, கடைசியில் குழந்தையை ஆற்றில் எறிகிற நிலைக்குப் போய்விடுகிறாள்.

எங்கள் வீட்டிலும் ஒரேயொரு ரிக்கற்தான் இருந்தது. 2009 யுத்தம் முடிந்து செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்தபிறகு, கடன்பட்டு ஏஜென்சிக்குக் கட்டிய காசு ஒருவருக்குத்தான் போதும். "நீ போ, நான் இஞ்சை எல்லாரையும் பாக்கிறன்" என்று அண்ணை சொன்னார். 2011இல் நான் பாரிசுக்கு வந்து சேர்ந்தேன்.

ஓர் அறையில் ஏழு பேர். அகதி விண்ணப்பம் முதல்முறை நிராகரிக்கப்பட்டது. கிழமையில் இரண்டு நாள் கோப்பை கழுவுகிற வேலை. வீட்டுக்கு ரெலிபோன் எடுக்கும்போது மட்டும் நான் வேறு ஆள். நல்ல வேலை, தனி அறை, விசா கிடைக்கப்போகுது என்றெல்லாம் சொல்லுவேன். அம்மா கவலைப்படுவா என்றுதான் சொன்னேன். வெட்கமும் இருந்தது.

என் பேச்சை நம்பி, 2013இல் தங்கச்சிக்குப் பெரிய அளவில் கல்யாணம் பேசி நாளும் வைத்துவிட்டார்கள். இந்த மாதம், அடுத்த மாதம் என்று நான் இழுத்தேன். கல்யாணம் நடந்தது. தான் உழைத்துக்கொண்டிருந்த லாண்ட்மாஸ்ரரை அண்ணை விற்றுத்தான் நடத்தினார் என்பது ஒரு வருடம் கழித்து ஊரிலிருந்து வந்த ஒருவர் சொல்லித் தெரிந்தது. அதற்குள் அண்ணை கூலி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார்.

அன்றிரவு எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணை ஏசவில்லை. "இல்லையெண்டு சொல்லியிருந்தா, இல்லாத மாதிரிச் செய்திருப்பம் தானே தம்பி" என்றார். பிறகு அப்பா ரெலிபோனை வாங்கினார். "குணசேகரன் மாதிரி நடிச்சுப்போட்டாய்" என்றார். அவ்வளவுதான். இருபது வருடம் அந்தப் படத்தைப் பார்த்தவன் நான். அவருடைய நடிப்பை ரசித்தேனே தவிர, அந்தப் பாத்திரம் விட்ட பிழை எனக்குத் தெரியவில்லை.

2015இல் விசா கிடைத்தது. பிறகு தொழிற்சாலையில் நிரந்தரமாக்கினார்கள். 2018இல் அண்ணைக்கு மறுபடி ஒரு லாண்ட்மாஸ்ரர் வாங்க முடிந்தது. அடுத்த வருடம் அப்பா காலமானார். அகதியாக வந்தவன் அந்த நாட்டுக்குத் திரும்பிப் போக ஏலாது. கொள்ளி வைத்ததையும் ரெலிபோனில்தான் பார்த்தேன்.

இதே பிரான்ஸ் தேசம் 1995இல் சிவாஜிக்கு செவாலியே பட்டம் கொடுத்துக் கௌரவித்தது. இந்தியாவின் தேசிய விருதில் சிறந்த நடிகர் பரிசு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த 1995 ஒக்ரோபரில்தான் நாங்கள் மூட்டை முடிச்சோடு யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தோம். செவாலியே செய்தியை அப்பா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அவர் மகன் ஒருநாள் அந்த நாட்டிலேயே மெசின் ஓட்டுவான் என்று அப்போது யார் நினைத்தது?

புதிதாக வந்திருக்கிற குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. ஊருக்குப் பேசும்போது உள்ளதைச் சொல்லுங்கள். காசில்லை என்றால் இல்லை என்றும், விசா இழுபடுகுது என்றால் இழுபடுகுது என்றும் சொல்லுங்கள். அழகான சட்டையை இரவல் வாங்கிப் போட்டுப் படம் எடுத்து அனுப்பாதீர்கள். அங்கே அதைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். நாங்கள் வெட்கத்தில் மறைக்கிறதற்கு அங்கே வட்டி கட்டுகிறார்கள்.

நடிப்பைச் சிவாஜியிடம் விட்டுவிடுவோம். அவர் ஏறக்குறைய முந்நூறு படங்களில் எங்களுக்கும் சேர்த்து நடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

அடுத்த இதழில் சந்திப்போம்.